நான் குளத்தில் விட்ட மஞ்சள் நத்தைகள்

கண்ணாடித் தொட்டி என் வீட்டுக்கு வந்தது வேறொருவருக்கு வந்த மாற்றல் உத்தரவால். எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்மணியைக் கண்ணூருக்கு மாற்றினார்கள். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டு, இது லாரியில் உடைந்துவிடும், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். "தனியாகத்தானே இருக்கிறீர்கள், ஒரு துணையாக இருக்கட்டும்" என்று மலையாளத்தில் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் ஆட்டோவில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சே காதில் இருந்தது.

தொட்டியில் நான்கைந்து சிறு மீன்கள், கொஞ்சம் பாசி, இரண்டு நத்தைகள். நத்தைகள் எலுமிச்சம்பழ மஞ்சள். மீன்கள் என்னைக் கண்டால் ஓடின. நத்தைகள் ஓடவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, வாயை மெல்லத் திறந்து மூடியபடி, பாசியைத் துடைத்துக்கொண்டே ஏறின. நான் சாப்பிடும்போது தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொள்ளப் பழகினேன்.

நான் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பதும் சர்க்கரை பார்ப்பதும் சளியில் கிருமி தேடுவதும் என் வேலை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்ட எந்தப் பெண்ணையும் ஊரார் சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று திருத்துவதை முதல் வருடத்தோடு விட்டுவிட்டேன். சொந்த ஊர் வண்டன்மேட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் அங்கே வேலை செய்தவர்கள். பாலக்காட்டில் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வேலை கிடைத்து நான் வந்தபோது வயது முப்பத்தொன்பது. கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பேச்சு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று இடித்தது, பிறகு பேச்சு வருவதே நின்றுவிட்டது.

வாடகை வீடு. பின்கதவைத் திறந்தால் துணி துவைக்கும் கல், அதற்கு அடுத்து நாலு படி இறங்கினால் பஞ்சாயத்துக் குளம். அக்கரையில் ஒரு வரிசை பனை, அப்புறம் வயல், வயலுக்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை சுவர் மாதிரி நிற்கும். எங்கள் ஊரில் நான் மலைமேல் நின்று கீழே பார்த்து வளர்ந்தவள். இங்கே மலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் மரியாதையானவர்கள். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'ங்க' உண்டு. ஆனால் அந்த 'ங்க' ஒரு வேலி மாதிரியும் இருந்தது. வழியில் பார்த்தால் நின்று விசாரிப்பார்கள், வீட்டுக்குள் யாரும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போனால் பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் தலையசைப்பார்கள். அவ்வளவுதான்.

பின்வாசல் வரை வந்தது ஒரே ஒருத்தி. அவளும் என்னைப் பார்க்க வரவில்லை, நத்தைக்கு வந்தாள்.

அவளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தொழிலுறப்பு என்று இங்கே சொல்லும் நூறு நாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவள். மழை பிடித்துக் குளம் நிறைந்ததும், காலை ஆறரை மணிக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவாள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணால் எதையும் தேடாமல் காலால் சேற்றைத் துழாவுவாள். கால் விரலில் ஏதாவது தட்டுப்பட்டால் குனிவாள். எழும்போது கையில் ஒரு நத்தை இருக்கும். சின்ன மாங்காய் அளவு, கருப்பும் பச்சையும் கலந்த ஓடு, வாயை இறுக்கி மூடிய தட்டு.

முதல் நாள் நான் பின்கதவைத் திறந்தபோது அவள் திடுக்கிட்டு, "ஏனுங்க சிஸ்டரு, இது உங்க எடமுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, குளம் பஞ்சாயத்துது. நீங்க எடுங்க" என்றேன்.

"உங்க பேச்சு வேற மாதிரி இருக்குதுங்களே."

"இடுக்கி. ஏலத் தோட்டம்."

"அங்க நத்தை இருக்குதுங்களா?"

அங்கே ஓடையில் கல்லில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன நத்தைகளைப் பார்த்திருக்கிறேன், யாரும் தின்று பார்த்ததில்லை என்றேன். அவள் சிரித்தாள். கூடை நிறைந்ததும் என் துவைகல்லில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். பெரியது கருநத்தை, கறிக்கு ஆகும், மூலத்துக்கு நல்லது. அது கரையோரம் ஈர மண்ணைத் தோண்டி வெள்ளை வெள்ளையாக முட்டை வைக்கும். கோடைக்குக் குளம் வற்றினால் சேற்றுக்குள் போய் வாயை மூடிக்கொண்டு அடுத்த மழை வரை கிடக்கும். சின்னதாக, முனை கூராக, உடம்பில் வரி ஓடுவது இன்னொரு நத்தை. அதற்கு முட்டை கிடையாது. வயிற்றுக்குள் ஓட்டோடு குட்டிகளை வைத்திருக்கும். "நாங்க இதைப் புள்ளத்தாச்சின்னு சொல்றதுங்க. இதை எடுத்தா மறுபடி விட்டுருவம்" என்று சொல்லி, அதைத் தண்ணீரில் போட்டாள். இரண்டு ஓடும் சேர்ந்து மூடிய மட்டியை அவள் எடுப்பதே இல்லை. அது தண்ணியைச் சுத்தம் பண்ணுகிறதாம்.

அப்புறம் அது வழக்கமாயிற்று. மழைக்காலத்தில் வாரத்துக்கு மூன்று நாளாவது வருவாள். நான் இரண்டு டம்ளரில் டீ கொண்டுபோய்த் துவைகல்லில் வைப்பேன். அவள் வீட்டுக்குள் வந்ததில்லை. "கால் பூரா சேறுங்க" என்பாள். கால் மணி நேரம் பேசுவோம். அவளுடைய வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி, மகள் கோயமுத்தூரில் கட்டிக் கொடுத்தது, மாடு கன்று போட்டது, இவைதான். என்னிடம் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் சுத்தம் செய்த நத்தைக் கறியை மிளகு போட்டு வறுத்து, இலையில் கட்டிக் கொண்டுவந்தாள். நான் தயங்கித்தான் வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

தொட்டி வந்தது அதற்கெல்லாம் சில வருடங்கள் கழித்து. வந்த இரண்டாம் மாதம், தொட்டியின் மூடியில் தண்ணீருக்கு மேலே ஒரு கொத்து முட்டை ஒட்டியிருந்தது. வெளிறிய ரோஜா நிறம். சோற்றுப் பருக்கைகளை ஒட்டவைத்தது போல இருந்தது. அதில் இரண்டை எடுத்துச் சென்று, ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ துடித்தது. நாள் முழுவதும் அடுத்தவர் உடம்பின் கேடுகளையே அந்தக் கண்ணாடியில் பார்க்கிற எனக்கு அது ஒரு பெரிய விஷயமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. டாக்டர் அவசரத்தில் இருந்தார். மழை முடிந்துவிட்டதால் அவளும் குளத்துக்கு வரவில்லை.

மூன்று வாரத்தில் குஞ்சுகள் தொட்டி முழுக்க இறங்கின. கடுகு அளவு, அதே மஞ்சள். சில மாதங்களில் சுண்டைக்காய் அளவானது. பிறகு இன்னொரு கொத்து, இன்னொரு கொத்து. தொட்டியில் பாசி தீர்ந்துபோய், கீரைத் தண்டு வேகவைத்துப் போட்டேன். கொல்ல மனம் வரவில்லை. முட்டையாக இருந்தபோதே துடிப்பதைப் பார்த்துவிட்டவளால் எப்படி முடியும்?

அந்த வருடம் பங்குனியில் அண்ணன் போன் செய்தான். அம்மா தோட்டத்து லய வீட்டுப் படியில் விழுந்துவிட்டாள், ஒரு பக்கம் கை கால் வரவில்லை. ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு நாளாகும் என்று தெரியவில்லை. மீன்களை ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் பெண் தன் வீட்டுக் கிணற்றுத் தொட்டிக்கு வாங்கிக்கொண்டாள். நத்தைகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் காலை, பஸ்ஸுக்கு முன்னால், நத்தைகளை எல்லாம் ஒரு வாளியில் வாரிப் போட்டேன். பாதி வாளி வந்தது. படியிறங்கி, தண்ணீர் தொடும் இடத்தில் உட்கார்ந்து, வாளியை மெல்லச் சாய்த்தேன். வேகமாகக் கொட்டினால் ஓடு உடையுமோ என்று பயந்து மெல்லச் சாய்த்தேன். அவை சேற்றில் விழுந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. பிறகு ஒன்று கொம்பை நீட்டியது. சிறைக்குள் இருந்ததை வெளியே விட்டது போல ஒரு நிம்மதி எனக்கு. குளத்தில் ஏற்கெனவே நத்தை இருக்கிறது, இவையும் நத்தைதானே, கூட இருந்துகொள்ளும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அதில் பொய் இல்லை.

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி, கம்பமெட்டு ஏறும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குப் பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. "அங்கிட்டு உனக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டாள். அதை அவள் வருடா வருடம் கேட்பாள், நான் வருடா வருடம் மழுப்புவேன். அந்தத் தடவை, "ஒரு அக்கா வருவாங்கம்மா. குளத்துக்கு. டீ குடிப்போம்" என்றேன். அம்மா சரி என்பது போலக் கண்ணை மூடினாள். இருபத்தாறு நாள் இருந்தாள். தோட்டத்துக் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மழையில் ஒரு காலை, அவள் குளத்திலிருந்தே என்னைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டரு, இங்க கொஞ்சம் வாங்க. இது என்ன முட்டைங்க?"

படிக்கல்லின் பக்கவாட்டில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கொத்து. அடுத்த படியில் இரண்டு. தாமரைத் தண்டில் ஒன்று. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நம்ம நத்தை மண்ணுக்குள்ளதான வெக்கும், வெள்ளையா. இது கல்லுல ஒட்டிக்கிட்டு இருக்குதுங்களே. நீங்க கண்ணாடியில வெச்சுப் பாக்கறவங்க, உங்களுக்குத் தெரியுமேன்னுதான் கேட்டனுங்க."

"தெரியலையேக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். திட்டுவாள் என்று பயமில்லை. திட்டுகிறவள் இல்லை. அந்தக் கால் மணி நேரம் போய்விடுமோ என்ற பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு மறுபடி சேற்றில் காலை விட்டாள்.

அந்த வருடம் அவள் கூடை நிறையவில்லை. அடுத்த வருடம் பாதிகூட வரவில்லை. கையை விட்டு எடுத்தால் மஞ்சள் நத்தைதான் வந்தது. குளத்துச் சேறும் பாசியும் படிந்து மஞ்சள் மங்கியிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? புள்ளத்தாச்சி நத்தையை அவள் கண்டு நாளாயிற்று என்றாள். ஒருநாள் மஞ்சள் நத்தையைக் கொண்டுபோய்க் கறி வைத்துப் பார்த்திருக்கிறாள். "சப்புன்னு இருக்குதுங்க. எங்கூட்டுக்காரரு தட்டைத் தள்ளிட்டாரு" என்றாள். நான் டீ டம்ளரைக் கழுவுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மழைக்கு அவள் வரவில்லை. இரண்டு நாள், ஒரு வாரம், ஒரு மாதம். நான் காலையில் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவேன். பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு, ஒன்றை நானே ஆறிய பிறகு குடித்திருக்கிறேன். அவள் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அவள் நத்தைக்கு வந்தாள், நத்தை இல்லை, வரவில்லை. வயலுக்கும் தொழிலுறப்புக்கும் போய்வருகிற ஒருத்தி, வெறும் டீக்காக வாய்க்கால் தாண்டி ஒரு மைல் நடந்து வருவாளா? அவள் வீடு எது என்றுகூட நான் கேட்டதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். இத்தனை வருடத்தில் எங்கள் பழக்கம் குளத்தைத் தாண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த மழை முடியும் சமயம், ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்யும் பெண் குளத்துக்கு வந்தாள். இங்கே பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். கம்பியால் செய்த ஒரு சதுரச் சட்டத்தைத் தண்ணீரில் ஆங்காங்கே அமிழ்த்தி, அதற்குள் அகப்படுகிற நத்தைகளை வெள்ளைத் தட்டில் கொட்டி, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தபோது வீட்டுக்குள் உட்காரவைத்தேன். அவளுடைய தட்டை எட்டிப் பார்த்தேன். கருநத்தை ஒன்று, மட்டி ஒன்று, மீதியெல்லாம் மஞ்சளும் தவிட்டு நிறமும்.

"இது நம்ம நாட்டு நத்தையே இல்லீங்க அக்கா" என்றாள். "கடல் தாண்டி வந்தது. மீன் தொட்டியில அழகுக்கு வளக்கறது. யாரோ கொண்டாந்து விட்டுட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணா இருந்துக்காதா?"

"நம்ம நத்தை திங்கற பாசியத்தான் இதும் திங்கும். மத்த நத்தையோட முட்டை கெடச்சா அதையும் விடாது. இது முட்டைய எட்டாத எடத்துல கல்லு மேல ஒட்டி வெச்சிரும், மீனுகூடத் தொடாது. நம்மளது மெதுவாத்தான் பெருகும். அதுக்காக எல்லாப் பழியும் இது மேலயே போட முடியாதுங்க. வயல்ல அடிக்கற மருந்து இருக்குது, கோடையில குளத்தை மிஷின் வெச்சு வழிக்கறாங்க. எல்லாம் சேந்துதான்."

"ஒரு வாளி விட்டா இவ்வளவு ஆகுமா?"

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரே ஒரு பொட்டை நத்தை போதுங்க. ஆனா இங்க மஞ்சளும் இருக்குது, தவிட்டு நிறமும் இருக்குது. ஒரே ஊட்டுல இருந்து வந்த மாதிரி தெரியலீங்க. வாய்க்கால்லயும் வந்திருக்கலாம். யாருன்னு சொல்ல முடியாதுங்க" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளோ என்று இருந்தது. முட்டையைச் சுரண்டித் தண்ணீரில் தள்ளிவிட்டால் பெரும்பாலும் செத்துவிடும், பெரியதைப் பொறுக்கி அழித்துவிட வேண்டும், விடாமல் செய்தால் குறையும், முழுசாகப் போகாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தவிட்டு நிறம் என்னுடையது இல்லை. அதை நான் அன்று இரண்டு மூன்று தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். மஞ்சள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் வாய்க்காலைத் தாண்டி நடந்தேன். மூன்று இடத்தில் விசாரித்து அந்த அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு, பக்கத்தில் மாட்டுச் சாளை. அவள் சாளையில் சோளத்தட்டுக் கட்டைப் பிரித்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்க சிஸ்டரு, ஆருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்று பதறினாள். ஆஸ்பத்திரிக்காரி வீடு தேடி வந்தால் வேறு என்ன நினைப்பாள்?

"இல்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

நின்றபடியே சொன்னேன். தொட்டி, வாளி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, எல்லாம். கடைசியாக, "நீங்க முட்டையக் காட்டிக் கேட்டப்ப எனக்குத் தெரியும்க்கா. தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் இன்னொரு பிடி தட்டை எடுத்து மாட்டுக்குப் போட்டாள். மாடு தட்டை மெல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு முடியாமப் போனப்ப யாரு எதை யோசிப்பாங்க. அதை விடுங்க" என்றாள். பிறகு, "ஆனா நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா அன்னிக்கே சுரண்டிப் போட்டிருப்பம்லீங்க. அப்ப நாலு கொத்துத்தான இருந்துச்சு" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. கணக்காக, நடந்ததை நடந்தபடி சொன்னாள். உள்ளே போய் டீ வைத்துக் கொண்டுவந்தாள். தின்பண்டம் ஏதோ தட்டில் வைத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை நின்றாள், உட்காரவில்லை. அவளுக்கு ஒரு டம்ளர் எடுத்து வரவும் இல்லை. போய்வருகிறேன் என்றபோது, "சரீங்க, பாத்துப் போங்க" என்றாள். வாசல் வரை வந்தாள்.

மறுநாள் காலை பழைய தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். ரோஜாக் கொத்துகளை ஒவ்வொன்றாகச் சுரண்டித் தண்ணீரில் தள்ளினேன். வழவழவென்று கையில் ஒட்டியது. எட்டும் தூரத்தில் இருந்த பெரிய நத்தைகளைப் பொறுக்கி வாளியில் போட்டேன். அவற்றின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்ற முதல் நாள் என்னால் முடியவில்லை. வாளியைப் பின்கதவுக்கு வெளியே மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது பல மூடியைத் தள்ளிக்கொண்டு சுவரில் ஏறியிருந்தன. அப்புறம் அடுப்பைப் பற்றவைத்தேன். ஊற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தது மறுநாள். இப்போது கை பழகிவிட்டது. அப்படிப் பழகியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருடம் கோடையில் தொழிலுறப்பில் குளம் சுத்தம் செய்யும் வேலை வந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் வந்தார்கள். அவளும் வந்தாள். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன், ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. பெண்களைப் படியோரம் நிறுத்தி, "இந்தச் செவத்த முட்டைய எங்க பாத்தாலும் சுரண்டித் தள்ளுங்க. மஞ்ச நத்தைய இந்தக் கூடையில போடுங்க. கருநத்தை ஆப்பட்டா அந்த ஓரத்துச் சேத்துல விட்டுருங்க, அதுதான் நம்மளது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க இருந்துக்கா வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் கையில் சாவியோடு நின்றேன்.

"எங்கயோ இருந்து வந்துச்சு. வந்ததை அள்ளு" என்றாள் அவள்.

கதவைப் பூட்டிவிட்டு முன்பக்கமாகப் போனேன். மத்தியானம் சீக்கிரம் கிளம்பி வந்து ஒரு பெரிய பாத்திரத்தில் டீ போட்டு எல்லாருக்கும் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டாள். மற்றப் பெண்கள் துவைகல்லைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள், வீட்டு வாடகையில் இருந்து என் தனிக்கட்டை வாழ்க்கை வரை விசாரித்தார்கள். அவள் அக்கரையில் பனை நிழலில் உட்கார்ந்து குடித்துவிட்டு, டம்ளரை இன்னொருத்தியிடம் கொடுத்தனுப்பினாள்.

குளத்தில் இப்போது மஞ்சள் நத்தை குறைந்திருக்கிறது. மழை விட்ட நாட்களில் படிக்கல்லில் எப்படியும் நாலைந்து கொத்து இருக்கும். நான் லீவில் இருந்த ஒரு வாரத்தில் இருபதுக்கும் மேல் ஆகிவிட்டது. கருநத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. மட்டிகள் ஆழத்தில் இருப்பதாக ஆராய்ச்சிப் பெண் சொன்னாள். வருடம் ஒரு தடவை வந்து பார்க்கிறாள். புள்ளத்தாச்சி நத்தையை அவளும் காணவில்லை, நானும் காணவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பில் தண்ணீர் தேங்கும் ஒரு குட்டையில் நாட்டு நத்தை நன்றாக இருக்கிறதாம். வாய்க்கால் தண்ணீர் அங்கே ஏறாததால் மஞ்சள் இன்னும் போகவில்லையாம். இந்தக் குளத்துக்கு வந்துகொண்டிருந்தவள் இப்போது அங்கேதான் கூடையோடு போகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. என் காலில் ஒட்டிய சேற்றோடு முட்டையோ குஞ்சோ போய்விடக் கூடாது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். உண்மையான காரணம் அது மட்டுமில்லை.

போன மாதம் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதியிருந்தார். வரிசையில் அவள் முறை வந்தபோது நான் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை ஏற்றினேன்.

"தலை சுத்துதுங்க, அதான்" என்றாள்.

"காலைல ஏதும் சாப்பிடலல்ல?"

"இல்லீங்க. வெறும் வயித்துலதான் வரோணும்னு சொன்னாங்க."

பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை. "கொளத்துல எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள்.

"குறைஞ்சிருக்குக்கா. தினம் காலைல சுரண்டுறேன்."

"அது ஒரேடியா போகாதுங்க."

"ஆமாக்கா. போகாது."

கொஞ்சம் யோசித்தாள். "மழைக்கு வரப்ப உங்களுக்குக் கொஞ்சம் கறி கொண்டாரட்டுங்களா? தோப்புக் குட்டையில நல்லா இருக்குது" என்றாள்.

வேண்டாம் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அந்தக் குட்டையில் இருப்பது இருக்கட்டும் என்று நினைத்தேன். கொண்டுவரச் சொன்னால் அவள் வருவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன, நான் ரத்தக் குழாயில் அவள் பேரை எழுதத் தொடங்கினேன். பின்னால் இருந்த ஆள் சீட்டை நீட்டினான். அவள் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "ரிசல்ட்டு எப்பங்க?" என்று கேட்டாள்.

"பதினொரு மணிக்கு மேல" என்றேன்.

பதினொரு மணிக்கு அவளுடைய வீட்டுக்காரர் வந்து சீட்டை வாங்கிக்கொண்டு போனார். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. என்ன சாப்பிடலாம், எதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அவரிடம் கொடுத்தேன். அதன் அடியில், கறியைப் பற்றி அவள் கேட்டதற்குப் பதிலாக ஒரு வரி சேர்க்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். வரிசை நீளமாக இருந்தது. மடித்துக் கொடுத்துவிட்டேன்.

மழை இன்னும் தொடங்கவில்லை.